கூறு போட்ட மோட்டார் சைக்கிள்

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கப்போகிற என் வயசுக்காரர்களே, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்தது மொத்தம் இரண்டு வருஷம். அதிலும் பாதிநாள் பெஞ்சு மேல் நின்றேன். அதனால் உலகத்தைக் கொஞ்சம் உயரத்திலிருந்து பார்த்த அனுபவம் உண்டு, எழுத்துத்தான் சரியாக வராது. எங்கேயாவது ஒற்று விட்டுப்போயிருந்தால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கும் இப்போது வேறு வேலை இல்லை என்று எனக்குத் தெரியும்.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் ஞாபகம் இருக்கிறதா? தோட்டம் தோட்டமாக ஆட்களை நிறுத்தி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கோலாலம்பூர் ஸ்டேஷன் பக்கம் போனால் பெட்டியும் பாயும் சட்டியுமாகக் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். கைக்குழந்தைகூடச் சத்தம் குறைத்துத்தான் அழும். நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே யார்டுக்குப் பின்னால் லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், இருந்தோம். ஒரு பக்கம் செங்கல் சூளை, ஒரு பக்கம் கரி வண்டி. சாயங்காலம் விளையாடிவிட்டு வந்தால் எனக்கு ஒரு கன்னம் சிவப்பாகவும் ஒரு கன்னம் கறுப்பாகவும் இருக்கும். அழகுக்கு அழகு சேர்க்கிற ஊர் என்று அம்மா சொல்வாள். சோற்றில் விழுகிற கரித்தூளை மிளகு என்று நினைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான்.

அப்பா யார்டில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றுகிற கைப்பிடியை இழுப்பது அவர் வேலை. அந்தக் கைப்பிடியை இழுத்து இழுத்து, எந்த விஷயத்திலும் இரண்டு பக்கமும் பார்க்காமல் ஒரு அடி எடுத்து வைக்கமாட்டார். இடுப்பில் பச்சை பெல்ட். அதில் ஒரு பை. வெள்ளி என்று நாங்கள் சொல்கிற மலாயா டாலர் அதில்தான் இருக்கும். எங்கள் வீட்டின் பேங்க் அதுதான். தூங்கும்போதும் கழற்றமாட்டார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிராணி வீடுகள், அதாவது ஆபீஸ் குமாஸ்தாக்களின் வீடுகள். மரப்படி, மரச்சுவர், ஜன்னலுக்குத் திரை. அதில் ஒரு வீட்டில் யாழ்ப்பாணத்துக் கிராணியார் ஒருவர் இருந்தார். ரயில்வே ஆபீசில் வேலை. வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் கோட்டு, கையில் குடை. அவரைப் பார்த்தால் நாங்கள் ஓரமாக ஒதுங்குவோம். அவர் ஒன்றும் ஒதுங்கச் சொன்னதில்லை. நாங்களாகவே ஒதுங்கிப் பழகியிருந்தோம்.

அந்தக் கிராணியார்தான் ஒருநாள் மோட்டார் சைக்கிள் வாங்கினார். தோட்டம் மூடி ஊருக்குக் கிளம்பிய ஒரு துரையிடமிருந்து வந்தது. வாங்கிய அன்றைக்கே ஓட்டினார். ரோடே வெளியே வந்து நின்றது. பால்காரர் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிவெட்டுகிறவர் பாதித் தலையோடு ஒரு ஆளை உட்காரவைத்துவிட்டு வந்து நின்றார். கிராணியார் கோட்டோடு, குடையை முதுகில் கட்டிக்கொண்டு, சூளை வரைக்கும் போனார். திரும்பும்போது தள்ளிக்கொண்டு வந்தார். முகம் மட்டும் ஓட்டிக்கொண்டு வருகிறவர் முகம் மாதிரியே இருந்தது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வண்டி ஓடவே இல்லை. எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் பண்ணிப் பூட்டினால் புதுசு மாதிரி ஓடும் என்று அவர் முடிவு பண்ணிவிட்டார். ஆபீஸ் விட்டு வந்ததும் பின்னறையில் உட்கார்ந்து கழற்றுவார். மண்ணெண்ணெயில் கழுவுவார். துணியால் துடைப்பார். ஒரு பாகத்தைக் கழற்றினால் அதன் ஆணி, நட்டு, வாஷர் எல்லாம் ஒரு சிகரெட் டின்னுக்குள் போகும். டின்களைச் சுவரோரம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். எந்த டின்னிலும் எதுவும் எழுதியிருக்காது. வரிசைதான் கணக்கு. ஜன்னல் வழியாக நான் பார்ப்பேன். அந்த மண்ணெண்ணெய் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஒவ்வொரு ஆணியும் டின்னில் விழுகிறபோது வருகிற அந்தச் சின்னச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. காதுதான் கேட்பதில்லை.

விளக்குப் பிடிக்கிறது அவர் மகள். என்னைவிட இரண்டு மூன்று வயசு பெரியவள். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வருகிறபோது எனக்குப் பழக்கம். என்னைக் கண்டதும், "இண்டைக்கு என்ன புளுகு கொண்டந்தனீ?" என்பாள். புளுகு என்றால் அவர்கள் ஊரில் பொய். நான் தினம் ஒன்று தயார் பண்ணிக்கொண்டு போவேன். யார்டில் எஞ்சினுக்குச் சளி பிடித்துவிட்டது, பால்காரர் மாடு மலாய் பேசுகிறது, இந்த மாதிரி. அவள் குடம் நிரம்பி வழிகிறதுகூடத் தெரியாமல் சிரிப்பாள். அந்தக் காலத்தில் என் பேச்சைக் கேட்பதற்கென்று நின்ற ஒரே ஆள் அவள்தான்.

வண்டி முழுசாகப் பிரிந்து, பூட்ட ஆரம்பிக்க வேண்டிய நேரத்தில் கிராணியாருக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா என்றார்கள். கொஞ்ச நாளில் போய்விட்டார். மழை பெய்துகொண்டிருந்தது. சவத்தின் மேல் பிடித்த குடை அவருடைய குடைதான்.

கிராணியம்மா, மகள், இடுப்பில் ஒரு சின்னப் பையன். ரயில்வே வீடு என்பதால் மாசக் கடைசிக்குள் காலி பண்ணிவிட்டு யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வேண்டும். வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாக வெளியே போனது. தையல் மெஷின் போனது, கட்டில் போனது, சுவர்க் கடிகாரம் போனது. மோட்டார் சைக்கிள் மட்டும் பின்னறையில் கிடந்தது. பழைய இரும்பு எடுக்கிற சீனர் வந்து பார்த்தார். ஒரு சக்கரத்தைக் காலால் தட்டினார்.

"பெசி தூவா லா! பழசு இரும்பு! பதினஞ்சு வெள்ளி."

கிராணியம்மா கதவைச் சாத்தினார்.

எங்கள் பக்கம் இந்தச் சேதியைக் கொண்டுவந்தது பாயர்மேன் மாமா. ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவர். எஞ்சின் பக்கத்தில் நிற்கிறவர் என்பதால் உலகத்தில் உள்ள எல்லா எஞ்சினும் தனக்குத் தெரியும் என்று நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பால்காரர் மாட்டுக்கொட்டகையில் நாலு பேரும் கூடினார்கள். அப்பா, பாயர்மேன் மாமா, பால்காரர், முடிவெட்டுகிறவர். ஆளாளுக்கு ஒரு கனவு. பால்காரர் பங்சார் பங்களாக்களுக்குப் பால் கொண்டுபோக வேண்டும். முடிவெட்டுகிறவர் ஞாயிற்றுக்கிழமை தோட்டம் தோட்டமாகப் போய்த் தலை பார்க்க வேண்டும். பாயர்மேன் மாமாவுக்கு ரவாங்கில் பெண் பார்த்திருந்தார்கள், அவளை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். அப்பா தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லவில்லை. முறை வைத்து ஓட்டலாம் என்று பேச்சு. ஆனால் பிரித்துக் கிடக்கிற வண்டிக்கு என்ன விலை கொடுப்பது? அதுதான் தெரியவில்லை.

"எஞ்சின் மட்டுமே நாப்பது வெள்ளி பெறும், மச்சான்" என்றார் பாயர்மேன் மாமா.

"கறந்து பாக்காம மாட்டுக்கு வெல சொல்ல முடியுமா?" என்றார் பால்காரர். "இது மாடுகூட இல்ல. தோலு ஒரு பக்கம் கெடக்கு, கொம்பு ஒரு பக்கம் கெடக்கு."

"அப்ப செத்த மாட்டு வெலதான் லா" என்றார் முடிவெட்டுகிறவர்.

"சாவலண்ணே. தூங்குது" என்றார் பாயர்மேன் மாமா.

"கொடலெல்லாம் டின்னுல கெடக்கு, தூங்குதாம்!"

அப்பா எல்லாரும் சிரித்து முடிக்கட்டும் என்று இருந்தார். பிறகு தரையில் குச்சியால் கோடு போட்டார். "முழுசா ஓடுற வண்டின்னா என்ன வெல?"

"நூறு வரும்."

"பிரிச்சுக் கெடக்கு. முப்பது கழி. ஒண்ணு ரெண்டு தொலைஞ்சிருக்கும், அதுக்கு ஒரு பத்து கழி. பூட்டுற கூலி?"

"நான்தானே பூட்டப்போறேன். எனக்கு யாரு கூலி குடுக்கிறது?" என்றார் பாயர்மேன் மாமா.

"அப்ப அறுபது." அப்பா குச்சியைக் கீழே போட்டார். "அந்தம்மா கேக்கிறதும் அறுபதுதான். நியாயமான வெல."

பாருங்கள், சரியான விலை மாட்டுக்கொட்டகையில் வைத்தே கிடைத்துவிட்டது. ஆளுக்குப் பதினைந்து. அங்கேயே எழுந்து போயிருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

முடிவெட்டுகிறவர் துண்டை உதறினார். "என்கிட்ட பதினொண்ணுக்கு மேல ஒரு காசு கெடையாது. இந்தக் காலத்துல எவன் முடி வெட்டிக்கிறான்? எல்லாவனும் சாமியாரு மாதிரி வளத்துக்கிட்டு அலையிறான்."

"நான் கொஞ்சம் கூடப் போடுறேன்" என்றார் அப்பா. அப்பாவின் பெல்ட்டில் முப்பது வெள்ளி இருந்தது. அது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

எல்லாரும் அப்பாவை முறைத்துப் பார்த்தார்கள். மாடு மட்டும் அசைபோட்டது.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். தீபாவளிக்குக் கூட்டாக ஆடு வாங்கிப் பங்கு போடுவோமே, அதுதான். வாழையிலையில் கூறு கூறாக வைப்பார்கள். எல்லாக் கூறிலும் கறி, எலும்பு, கொழுப்பு, குடல் ஒரே அளவு இருக்கும். ஒரு பையனைத் திரும்பி நிற்கச் சொல்லி, ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்பார்கள். அவன் பார்க்காமலே பேர் சொல்வான். யாரும் ஏமாற முடியாது. ஆனால் அது நடக்க வேண்டுமென்றால் எல்லாரும் ஒரே பணம் போட்டிருக்க வேண்டும். முன்பு ஒரு தீபாவளிக்கு ஒருத்தன் ஒரு வெள்ளி கூடப் போட்டுவிட்டு ஈரலைக் கேட்டான். கத்தி வரைக்கும் போய்விட்டது. அதிலிருந்து எங்கள் லயத்தில் கூட்டுச் சாமான் எதுவானாலும் ஒரே பங்கு, ஒரே பணம். கூடப் போடுகிறவனை யாரும் நம்பமாட்டார்கள்.

"கூடப் போட்டா அப்புறம் மொதல்ல நான்தான் ஓட்டுவேன்னு சொல்வீங்க" என்றார் பால்காரர்.

"சொல்லமாட்டேன்."

"இப்ப சொல்லமாட்டீங்க."

அப்பா தரையில் போட்ட கோட்டைக் காலால் அழித்தார். அப்படியாக அந்த வண்டியின் விலை, வண்டியைப் பார்த்து இல்லாமல், முடிவெட்டுகிறவர் மடியைப் பார்த்து முடிவானது. பதினொன்று, நாலு பங்கு. நாற்பத்து நாலு வெள்ளி.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். அன்றைக்குக் காலையில் குழாயடியில் கிராணியார் மகள் என்னிடம் புளுகு கேட்கவில்லை. குடத்தை வைத்துவிட்டுச் சொன்னாள்: "அறுபது கிடைச்சா நாங்கள் மூண்டு பேரும் கப்பலேறுவம். குறைஞ்சா ரெண்டு டிக்கற்தான். நான் கிள்ளானிலை சின்னம்மா வீட்டை நிக்கோணும். அங்கை வேலை செய்து குடுக்கோணும்." அவள் அழவில்லை. குழாயைத் திறந்து விட்டாள்.

இதை நான் அப்படியே சொன்னேன். நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள்.

அதற்கும் காரணம் இருக்கிறது. போன வாரம்தான் ஸ்டேஷன் மாஸ்டர் துரை ஷேவிங்குக்குக் கூப்பிடுகிறார் என்று முடிவெட்டுகிறவரிடம் சொல்லியிருந்தேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, துரையின் கதவைத் தட்டி, உள்ளே போய் சோப்பு நுரை வரைக்கும் தயார் பண்ணிவிட்டார். துரை யாரையும் கூப்பிடவே இல்லை. அவர் போட்ட சத்தத்தில் நுரை தானாகவே அடங்கிவிட்டது.

"இவன் வாயில வர்றதுக்கெல்லாம் நாம பணம் குடுக்கணுமா?" என்றார் முடிவெட்டுகிறவர்.

"விக்கிற வீட்டுல எப்பவும் ஒரு பொண்ணு அழுதுகிட்டேதான்டா இருக்கும்" என்றார் பால்காரர். அவர் மாடு வாங்கி விற்றவர். எல்லா அழுகையையும் பார்த்தவர்.

அப்பா மட்டும் கொஞ்சம் என்னைப் பார்த்தார். "நெசமாடா?"

"நெசம்ப்பா."

"எந்த நெசம்?" என்றார் பாயர்மேன் மாமா. மறுபடியும் சிரிப்பு. அப்பாவும் சிரித்துவிட்டார். கிராணி வீட்டில் பணம் இல்லாமல் இருக்கும் என்பதை எங்கள் ஆட்களால் நினைத்தே பார்க்க முடியவில்லை. ஜன்னலுக்குத் திரை போட்ட வீடு அது.

சாயங்காலம் அப்பா மரப்படியில் ஏறினார். நான் பின்னால் ஏறினேன். கிராணியம்மா வெள்ளைச் சேலையில் கதவருகே நின்றார். அப்பா விலையைச் சொன்னார்.

"நாப்பத்து நாலோ? அதென்ன கணக்கு?"

"நாங்க நாலு பேரும்மா. ஆளுக்குப் பதினொண்ணு."

"நான் அறுபது எண்டெல்லோ சொன்னனான்."

"சொன்னீங்கம்மா. எங்களுக்குள்ள ஒத்து வரல."

"தம்பி, சாமானைப் பாத்து விலை சொல்லுவினம். ஆளை எண்ணியோ சொல்லிறது?"

அப்பா தன் காலால் தன் காலையே சொறிந்துகொண்டார். கிராணியம்மா உள்ளே பார்த்தார். உள்ளே மகள் ஒரு பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சுப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டாள். இந்தப் பேச்சு தனக்குக் கேட்கவில்லை என்று காட்டுவதற்காக அப்படிச் செய்தாள் என்று இப்போது தோன்றுகிறது. நானும் நடித்துப் பழகியவன்தான். கண்டுபிடித்திருக்கலாம்.

"சரி" என்றார் கிராணியம்மா. "கொண்டு போங்கோ."

அவர் ஏன் காரணத்தைச் சொல்லவில்லை என்று நான் ரொம்ப காலம் யோசித்திருக்கிறேன். சொல்லியிருந்தால் அப்பா மரப்படியிலேயே பெல்ட்டை அவிழ்த்திருப்பார். ஆனால் யார்டு ஆளிடம் போய்க் கப்பல் டிக்கெட்டுக்குக் காசு இல்லை என்று கிராணியார் பெண்சாதி எப்படிச் சொல்வார்? அவர்கள் பக்கமும் ஒதுங்கிப் பழகியிருந்தார்கள்.

மறுநாள் நாலு பேரும் பணத்தோடு வந்தார்கள். பாயர்மேன் மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. அதுவரை வண்டியை யார் வீட்டில் வைப்பது? யார் வீட்டில் வைத்தாலும் மற்ற மூன்று பேருக்கும் தூக்கம் வராது. எனவே அதே பின்னறையில், ஆடு மாதிரியே, நாலு கூறு போட்டார்கள். ஆட்டுத்தலை வெட்டுகிறவனுக்குப் போகிற மாதிரி, எஞ்சினைப் பூட்டப்போகிற பாயர்மேன் மாமா கூறில் சேர்த்தார்கள். சக்கரம் இரண்டு கூறுக்கு. சக்கரம் கிடைக்காத கூறுகளுக்குப் பெட்ரோல் டாங்கியும் சீட்டும். சங்கிலி, கைப்பிடி, விளக்கு, மட்கார்டு, எல்லாவற்றையும் தூக்கித் தூக்கிப் பார்த்துக் கனம் சரி பண்ணினார்கள். கடைசியில் டின்கள்.

பால்காரர் டின்களை ஒவ்வொன்றாகச் சாக்கில் கவிழ்த்தார். ஆணியும் நட்டும் மழை மாதிரி விழுந்தன. கிராணியம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, கலக்காதேங்கோ! அவர் ஒவ்வொண்டையும் வேற வேற டின்னுக்கை போட்டு வச்சவர்."

"கவலப்படாதீங்கம்மா" என்றார் பால்காரர். "எல்லாருக்கும் சரிசமமாத்தான் வரும்."

ஒரு பால் டின்னை எடுத்து, அரிசி அளக்கிற மாதிரி தலை தட்டி அளந்தார்கள். கூறுக்கு இரண்டு டின். மிச்சம் இருந்ததையும் எண்ணிப் பிரித்தார்கள். அவ்வளவு நியாயமாக ஒரு பொருளை நாசம் பண்ணினதை நான் பிறகு பார்த்ததே இல்லை.

என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள்.

"இது யாருக்கு?"

"பாயர்மேன் மாமாவுக்கு." எஞ்சின் கூறு அவருக்கு என்று ஏற்கனவே பேசிவைத்தது. இருந்தாலும் முறைக்குக் கேட்டார்கள்.

"இது யாருக்கு?"

"அப்பாவுக்கு."

கிராணியார் மகள் உள்ளே வந்து காலி டின்களை மட்டும் பொறுக்கினாள். "இது எங்களுக்கு வேணும்" என்றாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. டின் விலையில் சேரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டுகிறவர் கடை அஞ்சடியில், கடைக்கு முன்னால் இருக்கிற நடைபாதையில், நாலு கூறும் வந்து சேர்ந்தன. பாயர்மேன் மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் ஆணி நுழையவில்லை. இரண்டாவது நுழைந்தது, ஆனால் ஆடியது. மூன்றாவது பாதி போய் நின்றுவிட்டது. கூட்டம் முதலில் யோசனை சொன்னது. பிறகு வேடிக்கை பார்த்தது. பிறகு சாப்பிடப் போய்விட்டது. மத்தியானத்துக்கு மேல் மாமா ஸ்பானரைத் தரையில் போட்டார்.

"ஆணி கொறையுது. யாரோ எடுத்து வெச்சிருக்கீங்க."

"என் கூறுல எடுத்தது எல்லாம் இங்க கெடக்கு" என்றார் முடிவெட்டுகிறவர். "நீதான் எஞ்சின் வெச்சிருக்க. எவனுக்குத் தெரியும், உள்ள நீ என்ன எடுத்தேன்னு?"

"நானா திருடன்?"

"நான் சொல்லல. நீயே சொல்ற."

அவ்வளவுதான். முடிவெட்டுகிறவர் தன் கூறைத் துண்டில் கட்டிக்கொண்டு போனார். அவர் போனதும் மற்றவர்களும் கட்டினார்கள். சீட்டு அவர் கடை நாற்காலிக்கு மெத்தையானது. சங்கிலி பால்காரர் கன்றுக்குட்டியின் கழுத்துக்குப் போனது. பாயர்மேன் மாமா எஞ்சினைக் கட்டிலுக்கடியில் தள்ளினார், அதன் மேல் கோழி முட்டையிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்த முன்சக்கரத்தை அம்மா சுவரில் மாட்டி அகப்பை சொருகி வைத்தாள். விருந்தாளி வந்தால் என்ன இது என்று கேட்பார்கள். "மோட்டார் சைக்கிள்" என்பாள் அம்மா. அவளுக்குச் சிரிக்கத் தெரியாது. அதனால் அது இன்னும் மோசமாக இருக்கும்.

மாசக் கடைசியில் கிராணியம்மா கிளம்பினார். ரயில்வே ஆட்களுக்குப் பாஸ் உண்டு என்பதால், போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் வரைக்கும் பெட்டி தூக்கிவிடுகிறேன் என்று அப்பா தானாகவே போய்ச் சொன்னார். விலை பேசினதிலிருந்து அவருக்கு என்னவோ அரித்துக்கொண்டிருந்தது. கடல் பார்க்கலாம் என்று நானும் ஒட்டிக்கொண்டேன். ரயிலில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் சொன்ன எதற்கும் சிரிக்கவில்லை. கடலில் மீன்களுக்குத் தாகம் எடுத்தால் என்ன செய்யும் என்று கேட்டேன். "தெரியாது" என்றாள்.

கிள்ளானில் ரயில் நின்றது. அவள் ஒரு சின்ன மூட்டையோடு எழுந்தாள். பிளாட்பாரத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் காத்திருந்தார். அவள் சின்னம்மாவின் புருஷன்.

"ஏம்மா, பாப்பா எறங்குது?" என்றார் அப்பா.

"ரெண்டு டிக்கற்றுக்குத்தான் காசு கண்டது" என்றார் கிராணியம்மா, வெளியே பார்த்துக்கொண்டே.

அப்பா என்னைப் பார்த்தார். உண்மை சொன்னதற்காக அடி விழுமோ என்று நான் முதல் தடவையாகப் பயந்தேன். அவர் அடிக்கவில்லை. பெல்ட்டுப் பையைத் திறந்தார். பத்தொன்பது வெள்ளி மிச்சம் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்து நீட்டினார்.

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"விலை கேட்டனீங்கள். சொன்னனான். வேற என்னத்தைச் சொல்லிறது?"

"இந்தாங்கம்மா. மூணு பேரும் போங்க. பாப்பாவ ஏத்துங்க."

கிராணியம்மா பணத்தைப் பார்த்தார். கை கொஞ்சம் நீண்டது என்றுதான் எனக்கு ஞாபகம். அதற்குள் பிளாட்பாரத்தில் நின்ற கோட்டுக்காரர் ஜன்னலுக்கு அருகில் வந்துவிட்டார். அவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார், பணத்தைப் பார்த்தார். கிராணியம்மாவின் கை சேலைத் தலைப்புக்குள் போய்விட்டது.

"விலை முடிஞ்சுபோச்சுது, தம்பி. முடிஞ்ச விலைக்கு மேல வேண்ட மாட்டன்."

விசில் ஊதியது. அவள் இறங்கினாள். சின்னப் பையன் ஜன்னல் வழியாக அவளைப் பிடிக்கக் கையை நீட்டினான். போர்ட் வரைக்கும் அழுதான்.

கடலைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அழுக்காக இருந்தது. அப்பா பெட்டியைப் படகு வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். திரும்பும் ரயிலில், கிள்ளான் வந்ததும் எழுந்தார்.

"எறங்குடா."

விசாரித்து விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். இரும்புக் கேட்டு, முற்றத்தில் பூந்தொட்டி. வீட்டம்மா வந்து கேட்டுக்கு உள்ளேயே நின்றார். அப்பா கையில் பணத்தை வைத்துக்கொண்டு, அடுத்த கப்பலுக்குப் பாப்பாவுக்குத் தானே டிக்கெட் எடுப்பதாகவும், ஊருக்குப் போகிற நல்ல குடும்பத்தோடு சேர்த்து அனுப்புவதாகவும் சொன்னார். அவ்வளவு நீளமாக அப்பா பேசி நான் கேட்டதில்லை.

"இப்ப அனுப்பேலாது" என்றார் அந்த அம்மா. "அவள் வாறாள் எண்டுதான் வேலைக்காரியை நிப்பாட்டினனாங்கள்."

அவர் கெட்டவர் மாதிரிச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். கொஞ்சம் யோசித்து, "பாக்கோணுமெண்டா பாருங்கோ" என்று உள்ளே போனார்.

அவள் கொல்லைப் பக்கத்திலிருந்து வந்தாள். கை முழுக்கச் சாம்பலும் தண்ணீரும். காலையில் கட்டியிருந்த ரிப்பன் இன்னும் தலையில் இருந்தது.

"அம்மா கப்பலேறிட்டாவோ, மாமா?"

"ஏறிட்டாங்கம்மா."

"தம்பி அழுதவனோ?"

"இல்லம்மா. சிரிச்சுக்கிட்டே போனான்."

அவள் தலையாட்டினாள். கேட்டுக் கம்பியில் ஒட்டியிருந்த சாம்பலை விரலால் துடைத்தாள். "மோட்டார் சைக்கிளைப் பூட்டிப்போட்டீங்களோ?"

அப்பா கையிலிருந்த பணத்தைப் பார்த்தார். "பூட்டியாச்சும்மா. நல்லா ஓடுது."

"அப்பா ஓட்டின அண்டைக்கு நான் பள்ளிக்கூடத்திலை. ஒருக்காவும் சத்தம் கேக்கேல்லை." அவள் அப்பாவை விட்டு என்னைப் பார்த்தாள். "எப்பிடிக் கேக்கும்?"

நான் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் கைப்பிடியைப் பிடித்தேன். காலால் ஒரு உதை உதைத்தேன். டுப் என்றேன். மறுபடி உதைத்தேன். டுப், டுப். மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. டுப் டுப் டுப் டுப் என்று உதடு அதிர, எச்சில் தெறிக்க, கேட்டுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓட்டினேன். வளைவில் சாய்ந்தேன். மேட்டில் இரைந்தேன். அவள் கம்பியில் முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சிரிக்கவில்லை.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவள் போனாள். பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை. அங்கே அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று இன்னும் சத்தமாக ஓட்டினேன்.

அப்பா என் தோளைப் பிடித்தார்.

"போதும்டா" என்றார். "போதும்."